கம்ப்யூட்டருக்கும் மூச்சு முட்டும்!

ஆயுத பூசை வந்தால், கம்ப்யூட்டரை மேலே துடைத்து, சந்தனம், குங்குமம் வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் தூசியை யாரும் பார்ப்பது இல்லை. இது சரியா?

கம்ப்யூட்டரின் மூளை "பிராசசர்". வேலை செய்யும்போது அது சூடாகும். அதன் மேல் உள்ள உலோகத் தகடுகள் அந்தச் சூட்டை வாங்கிக் கொள்ளும். சிறு விசிறி ஒன்று சுழன்று, சூட்டை வெளியே தள்ளும்.

தகடுகளின் இடுக்கில் தூசி அடைத்தால்? காற்று போகாது! சூடு 100 டிகிரி சென்டிகிரேடை நெருங்கினால், பிராசசர் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மேலும் சூடேறினால், கம்ப்யூட்டர் திடீர் என்று நின்றுவிடும். பிள்ளை எழுதிய பாடம், கடைக் கணக்கு, சேமிக்காதது எல்லாம் போச்சு!

"பழசாகிவிட்டது, புதிது வாங்கு" என்பார்கள். பல ஆயிரம் ரூபாய் செலவு! முதலில் தூசியைப் பார்க்கவேண்டாமா?

மின்சார இணைப்பை எடுத்துவிட்டு, சூடு ஆறியதும் மூடியைக் கழற்றவேண்டும். விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷால் தூசியை அகற்றவேண்டும். ஈரத் துணி கூடாது. கழற்றத் தெரியாதவர்கள், தெரிந்தவரிடம் கொடுப்பதே நல்லது. "லேப்டாப்"பை மெத்தை மீது வைத்தால் காற்றுத் துளை அடைபடும். மேஜையே சிறந்தது.

வாசலைத் தினமும் கூட்டுகிறவர்கள், 3 மாதத்துக்கு ஒரு முறை இதற்கு அரை மணி நேரம் ஒதுக்கக்கூடாதா?