நம்பிக்கை உள்ளவர் அழலாகாதா?

மாலையில் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் நோயாளியின் படுக்கையருகே தவறாமல் ஒலிக்கும் வாக்கியங்கள் சில உண்டு. "அழக்கூடாது, நம்பிக்கையோடு இருக்க வேண்டும்." "கடவுளை நம்புகிறவர் இப்படிக் கலங்கலாமா?" "மருந்து மாத்திரை எல்லாம் எதற்கு? மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார்." சொல்பவர் கோவிலுக்குச் செல்பவராயினும், தேவாலயத்துக்கோ பள்ளிவாசலுக்கோ செல்பவராயினும் சொல்லின் சாரம் ஒன்றே. அன்பினால்தான் சொல்கிறார்கள், அதில் ஐயமில்லை. ஆயினும் அச்சொல்லைக் கேட்ட நோயாளி அழுகையை மட்டும் அடக்கிக்கொள்வதில்லை. வலியையும் அச்சத்தையும் சேர்த்தே விழுங்கிவிடுகிறார். மறுநாள் காலை மருத்துவர் வந்து கேட்கும்போதும் "ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன்" என்கிறார். வலி இருக்கிறது என்றே சொல்லாதவருக்கு அதை எவ்வாறு தணிப்பது?

கண்ணீரும் மருந்தும் இறைநம்பிக்கைக்குப் பகையானவை என்னும் எண்ணம் பிழையானது என்பதே என் கருத்து. இதற்கு மருத்துவ நூல்களிலிருந்து சான்று காட்டலாம். ஆனால், நம்பிக்கையையே தொழிலாகவும் வாழ்வாகவும் கொண்டிருந்த ஒரு போதகரின் வீட்டிலிருந்து சான்று காட்டுவது இன்னும் பொருத்தமாக இருக்கும்.

அவர் ஜெர்மனியின் விட்டன்பர்க் நகரில் வாழ்ந்த மார்ட்டின் லூத்தர் (1483–1546). திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கியவர் என்று வரலாற்றுப் பாடத்தில் அவரைப் பற்றி நம்மில் பலர் படித்திருப்போம். 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் அவர் வழிவந்த சபையைச் சேர்ந்தவர். நம் நாட்டு லூத்தரன் தேவாலயங்களில் ஞானப்பாட்டுகள் என்று பாடப்படுபவற்றுள் பல, ஜெர்மானியப் பாடல்களின் தமிழாக்கங்களே. ஆகவே அவர் நமக்கு முற்றிலும் அந்நியரல்லர்.

இங்கே நான் பேச விரும்புவது மேடையில் நின்ற லூத்தரைப் பற்றியன்று. சாப்பாட்டு மேசையில் அமர்ந்த லூத்தரைப் பற்றி. அவர் வீட்டில் மாணவர்களும் விருந்தினரும் எப்போதும் நிறைந்திருந்தனர். உணவு வேளையில் அவர் இசை, மனைவி, மக்கள், நோய், சாவு, கடவுள் என்று மனம் போனபடி பேசியவற்றை அவர்களுள் சிலர் குறித்து வைத்தனர். அக்குறிப்புகள் அவர் மறைந்த பின், 1566-இல், நூலாக வெளிவந்தன. ஒரு போதகரின் அன்றாட வாழ்வை இத்தனை அருகிலிருந்து காட்டும் ஆவணங்கள் அக்காலத்தில் மிகக் குறைவு.

முதலில் இசையைப் பார்ப்போம். லூத்தர் லூட் என்னும் நரம்பிசைக் கருவியை வாசிப்பார். உணவுக்குப் பின் வீட்டாரோடும் நண்பரோடும் கூடிப் பாடுவார். 1530-இல் இசையமைப்பாளர் லூத்விக் சென்ஃபிலுக்கு எழுதிய கடிதத்தில், இறையியலுக்கு அடுத்த இடத்தை இசைக்கே அளித்தார். 1534-இல், மனச்சோர்வால் துன்புற்ற மத்தியாஸ் வெல்லர் என்னும் ஆர்கன் இசைஞருக்கு அவர் கூறிய அறிவுரை எளியது: துயரம் வந்து கவியும்போது இசைக்கருவியின் முன் சென்று அமர்ந்து, ஒரு பாடலை வாசித்துவிடு. "உன் நம்பிக்கை போதவில்லை" என்று அவரை லூத்தர் கடிந்துகொள்ளவில்லை. துயரமும் ஒரு நோயே, அதற்கும் பரிகாரம் உண்டு என்னும் பாவனையில் எழுதினார்.

இசை நோயைக் குணப்படுத்தாது. ஆனால் அறுவை சிகிச்சைக்குச் செல்லும் நோயாளியின் பதற்றத்தை அது தணிக்கிறது என்பதை இன்றைய ஆய்வுகள் காட்டுகின்றன. எனவே உடனிருப்போருக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் பாடல் வேண்டும் என்பதை நோயாளியே சொல்லட்டும். ஒருவருக்குக் கீர்த்தனை ஆறுதலாகலாம். வேறொருவருக்கு இளமையில் கேட்ட திரைப்பாடல் ஆறுதலாகலாம். மெல்லிய குரலில் பாடுங்கள். அல்லது காதொலிக் கருவியைப் பயன்படுத்துங்கள். அடுத்த படுக்கையில் இருப்பவரும் நோயாளிதானே. அவர் வேண்டாம் என்றால் அமைதியும் நல்ல மருந்துதான்.

அடுத்தது இல்லறம். லூத்தர் 1525-ஆம் ஆண்டு ஜூன் 13 அன்று, துறவு மடத்திலிருந்து வெளியேறிய கத்தரினா ஃபான் போராவை மணந்தார். அவருக்கு வயது 41; கத்தரினாவுக்கு 26. முன்பு துறவியர் மடமாக இருந்த பெரிய கட்டடமே அவர்கள் வீடாயிற்று. அதில் தோட்டம், கால்நடை, சமையல், வீட்டிலேயே மது வடித்தல், தங்கிப் படிக்கும் மாணவர், பெற்றோரை இழந்த உறவினர் குழந்தைகள், இவற்றோடு அடிக்கடி நோயுறும் கணவர் என எல்லாப் பாரமும் கத்தரினாவின் தோளில் இருந்தது. 1537-இல் ஷ்மால்கால்டன் என்னும் ஊருக்குச் சென்றிருந்தபோது, சிறுநீரகக் கல்லால் லூத்தருக்குச் சிறுநீர் பல நாள் அடைபட்டது. சாவு நெருங்கிவிட்டது என்று எண்ணி வண்டியில் வீடு திரும்பினார். கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கியபின் அடைப்பு நீங்கியது. நீங்கியதும் தம் மனைவிக்கு அவர் கடிதம் எழுதினார். (சிறுநீர் முற்றிலும் நின்றுபோவது மருத்துவ அவசர நிலையாகும். இன்று யாரும் வண்டிக் குலுக்கலை நம்பிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.)

லூத்தரின் பெயரை உலகம் அறியும். மேசையில் உணவு பரிமாறிய கத்தரினாவின் பேச்சையோ எவரும் அவ்வாறு குறித்து வைக்கவில்லை. நம் வார்டுகளிலும் இதே நிலைதான். நோயாளியின் வெப்பம், இரத்த அழுத்தம், உண்ட உணவு அனைத்தும் ஏட்டில் ஏறுகின்றன. மூன்று இரவுகளாகத் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவி உண்டாரா, உறங்கினாரா என்று கேட்பார் இல்லை. குடும்பத்தார் முறைவைத்து மாற வேண்டும். "நீ ஏன் சோர்ந்துவிட்டாய்?" என்று அவரைக் கேட்பதைவிட, "இன்றிரவு நான் இருக்கிறேன், நீ வீட்டுக்குப் போய்த் தூங்கு" என்று சொல்வதே உதவி.

மூன்றாவது, மருந்து. 1527-இல் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியது. பல்கலைக்கழகமே வேறு நகருக்கு இடம் மாறிற்று. லூத்தர் நகரை விட்டு அகலவில்லை. கருவுற்றிருந்த கத்தரினாவும் அகலவில்லை. அவர்கள் வீடு நோயாளிகளுக்கு மருத்துவமனையாயிற்று. கொள்ளைநோய்க்கு அஞ்சி ஓடலாமா என்று பிரெஸ்லாவு நகரப் போதகர் கேட்ட வினாவுக்கு, அவ்வாண்டில் அவர் ஒரு சிறு நூலையே விடையாக எழுதினார். நோயுற்றோரைப் பேணும் கடமை உடையவர் அவர்களைக் கைவிட்டு ஓடலாகாது. அத்தகைய கடமை இல்லாதவர் விலகிச் செல்வதில் பாவம் இல்லை என்றார். கடவுள் காப்பார் என்று கூறி மருந்தை மறுப்பவரை அவர் வன்மையாகக் கண்டித்தார். அது நம்பிக்கையன்று, கடவுளைச் சோதிப்பதாகும். மருந்தையும் அறிவையும் அளித்தவர் கடவுளே என்பது அவர் வாதம். வீட்டைப் புகையிட்டுத் தூய்மை செய்யவும், தேவையற்ற இடங்களுக்குச் செல்லாதிருக்கவும் அறிவுறுத்தினார். நுண்ணுயிர் என்ற சொல்லே இல்லாத காலத்தில் ஒரு போதகர் இவ்வாறு எழுதினார். இன்று, ஜெபித்துவிட்டோம் என்று இன்சுலினை நிறுத்துகிறவரும், நேர்ந்துகொண்டோம் என்று வலிப்பு மாத்திரையை நிறுத்துகிறவரும் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பிரார்த்தனையைக் கைவிடச் சொல்லும் மருத்துவர் அரியர். மாத்திரையைக் கைவிடச் சொல்லும் உறவினரோ பலர்.

இறுதியாகக் கண்ணீர். லூத்தர் தம்பதியருக்குப் பிள்ளைகள் அறுவர். எலிசபெத் என்னும் பெண் குழந்தை 1528-இல், ஓராண்டு நிறையும் முன்பே இறந்தது. அடுத்த ஆண்டு பிறந்த மகதலேனா, 1542 செப்டம்பரில், தன் 13-ஆம் வயதில் நோயுற்றாள். அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று அவள் ஏங்கியதால், வெளியூரில் படித்துக்கொண்டிருந்த யோகன்னஸை வரவழைத்தார்கள். தந்தை அவள் படுக்கையருகே முழந்தாளிட்டு அழுதார். இங்கே தந்தையுடன் இருக்க விருப்பமா, அங்கே உள்ள தந்தையிடம் செல்லவும் மனம் உண்டா என்று அவளிடமே கேட்டார். கடவுள் சித்தப்படி ஆகட்டும் என்று அவள் கூறினாள். செப்டம்பர் 20 அன்று தந்தையின் கைகளில் அவள் உயிர் பிரிந்தது. தாய் அதே அறையில் இருந்தும், துயரம் தாங்காமல் படுக்கையைவிட்டுச் சற்று விலகியே நின்றார் என்கிறது குறிப்பு. மூன்று நாள் கழித்து நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் லூத்தர் தம் நிலையை மறைக்கவில்லை. மகள் நற்கதி அடைந்தாள் என்று நன்றி கூறவே வேண்டும். ஆயினும் பெற்ற பாசம் அழாமல் இருக்க விடவில்லை என்று எழுதினார்.

அந்த அறையில் இருந்தவற்றை எண்ணிப் பாருங்கள். உறுதியான நம்பிக்கை இருந்தது, அழுகையும் இருந்தது. ஒன்று மற்றதை விரட்டவில்லை. தாய் விலகி நின்றதை எவரும் குற்றமாகக் கூறவில்லை. நோயாளி சிறுமியாயிருந்தும், அவளைப் பற்றி அவள் தலைக்கு மேல் மற்றவர் பேசிக்கொள்ளவில்லை, அவளிடமே பேசினார்கள். அவள் காண விரும்பியவரை அழைத்து வந்தார்கள். இன்று வலி தணிப்புச் சிகிச்சையில் நாங்கள் குடும்பங்களுக்கு எடுத்துச் சொல்வனவற்றுள் பல இவையே.

லூத்தர் எழுதிய அனைத்தும் ஏற்கத்தக்கவை அல்ல. யூதர்களுக்கு எதிராக 1543-இல் அவர் எழுதியவை வெறுப்பு நிறைந்தவை. அவற்றை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது. ஆயினும் மகளின் படுக்கையருகே அவர் நின்ற நிலை, எந்த மதத்தினரும் எண்ணிப் பார்க்கத்தக்கது.

"நாங்கள் அழுதால் நோயாளி மனம் உடைந்துவிடுவாரே" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். படுக்கையைச் சூழ்ந்து ஓலமிடுவது நோயாளிக்குத் துன்பமே. ஆனால் அவர் கையைப் பற்றிக்கொண்டு கண்கலங்குவது வேறு. எல்லோரும் வலிந்து சிரித்தபடி நிற்கும் அறையில் நோயாளி தனித்துப்போகிறார். தம் அச்சத்தைச் சொன்னால் மற்றவர் சிரிப்பைக் கெடுத்துவிடுவோமோ என்று தயங்குகிறார். அழுகை வாரக்கணக்கில் ஓயாமல் தொடர்ந்து, உறக்கமும் உணவும் அற்றுப்போய், வாழ்வதில் பொருளில்லை என்னும் எண்ணம் தலைதூக்கினால் அதைச் செவிலியரிடமோ மருத்துவரிடமோ அன்றே சொல்லிவிடுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு.

அடுத்த முறை நோயாளி ஒருவரைப் பார்க்கச் செல்லும்போது "அழாதே" என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். அதற்கு மாறாக, "வலிக்கிறதா? எங்கே?" என்று கேளுங்கள். "யாரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது?" என்று கேளுங்கள். மாத்திரை வேளைக்கு வந்ததா என்று பாருங்கள். ஜெபிக்க வேண்டுமா என்று கேட்டுவிட்டு ஜெபியுங்கள். பிறகு, அருகில் நிற்கும் மனைவியையோ மகனையோ அழைத்துச் சென்று ஒரு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.