கொண்டை ஊசியும் குற்றப்பத்திரிகையும்

தொலைக்காட்சித் தொடர்களில் வரும் கதைத்தலைவனுக்கு எந்தப் பூட்டும் ஒரு பொருட்டன்று. பக்கத்தில் நிற்கும் பெண்ணின் கூந்தலிலிருந்து கொண்டை ஊசி ஒன்றை உருவுவான். சாவித் துளையில் விட்டு இரண்டு முறை அசைப்பான். கதவு திறந்துகொள்ளும். 1985 முதல் 1992 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'மெக்கைவர்', கையில் கிடைத்ததைக் கொண்டு எதையும் செய்துவிடலாம் என்னும் ஆசையை உலகெங்கும் விதைத்தது. அவ்வகைக் காட்சிகள் இன்று கைப்பேசித் திரை வரைக்கும் வந்துவிட்டன.

இவற்றைப் பற்றி நம் ஆசிரியர் அறைகளிலும் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் ஒரே குரல்தான் கேட்கிறது: "தொலைக்காட்சி பிள்ளைகளுக்குத் திருடக் கற்றுக்கொடுக்கிறது." இதை நான் மறுக்கிறேன். திருடக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் முதலில் பூட்டைத் திறக்கத் தெரிந்திருக்க வேண்டும். நம் தொடர்களுக்கு அது தெரியாது.

உங்கள் வீட்டு இரும்புக் கதவில் தொங்கும் பூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதனுள் பெரும்பாலும் இருப்பது, லைனஸ் யேல் (இளையவர்) என்னும் அமெரிக்கர் 1861-இல் காப்புரிமை பெற்ற அமைப்பின் வழித்தோன்றல். கூட்டுக்குள் சுழலக்கூடிய ஓர் உருளை. அதைச் சுழலவிடாமல் குறுக்கே நிற்கும் ஐந்தாறு முளைகள். ஒவ்வொரு முளையையும் உள்ளே தள்ளிக்கொண்டிருக்கும் ஒரு சுருள்வில். ஒவ்வொரு முளையும் இரு துண்டுகளால் ஆனது. சரியான சாவி நுழைந்ததும் அதன் பற்கள் எல்லா முளைகளையும் ஒரே நேரத்தில் உரிய உயரத்திற்குத் தூக்குகின்றன. துண்டுகள் பிரியும் இடம் உருளையின் விளிம்போடு பொருந்துகிறது; உருளை சுழல்கிறது. ஒரே ஒரு முளை அரை மில்லிமீட்டர் பிசகி நின்றாலும் பூட்டு அசையாது.

இப்போது கதைத்தலைவனின் ஊசிக்கு வருவோம். ஓர் ஊசியால் ஒரு முளையைத் தூக்கலாம். அடுத்த முளைக்கு நகர்ந்தவுடன் முதல் முளையைச் சுருள்வில் பழைய இடத்திற்கே தள்ளிவிடும். தூக்கிய முளை தூக்கிய இடத்திலேயே நிற்க வேண்டுமானால், இன்னொரு கருவியால் உருளையை மெல்லத் திருகிப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விசை மிகுந்தால் முளைகள் இறுகிவிடும். குறைந்தால் எல்லாம் விழுந்துவிடும். பெரும்பாலான காட்சிகளில் இந்த இரண்டாவது கருவியே இல்லை! அத்துடன் கொண்டை ஊசி வளையும். காகிதச் செருகி அதைவிட எளிதில் வளையும். நீண்ட பயிற்சி உள்ளவர் இரண்டு கொண்டை ஊசிகளை வளைத்துச் சில பூட்டுகளைத் திறந்துவிடுவார், உண்மைதான். அங்கே வேலை செய்வது பயின்ற விரல்.

நெகிழி அட்டையைக் கதவிடுக்கில் செருகித் திறக்கும் வித்தையும் இப்படித்தான். சாய்ந்த முனையுள்ள, சுருள்வில்லால் இயங்கும் எளிய தாழ் சில வேளைகளில் விலகிக்கொடுக்கும். சாவியைத் திருகிப் போடும் கட்டைத்தாழிடம் அட்டை ஒடிவதைத் தவிர வேறொன்றும் நடக்காது.

அப்படியானால் எல்லாமே பொய்யா? இல்லை. நாட்குறிப்பேட்டுப் பூட்டு, மலிவான பயணப்பெட்டிப் பூட்டு, மேசை இழுப்பறைப் பூட்டு ஆகியவற்றில் பல, வளைந்த கம்பிக்கே இணங்கிவிடும். இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். 'எந்தப் பூட்டு?' என்று கேட்காமல் 'திறக்கும்', 'திறக்காது' என்று அடித்துப் பேசுகிறவர்கள், தொடரை எழுதுகிறவரைவிட எந்த வகையில் மேலானவர்கள்?

மெய்யாகவே பூட்டைத் திறந்தவர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். இலண்டனில் பிராமா நிறுவனம் தன் கடைச் சன்னலில் ஒரு பூட்டை வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று அறிவித்திருந்தது. பல்லாண்டுகளாக அது திறக்கப்படவில்லை. 1851-இல் நடந்த மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஆல்பிரட் சார்ல்ஸ் ஹாப்ஸ் என்னும் அமெரிக்கப் பூட்டுத் தொழிலர் அதைத் திறந்தார். எத்தனை நேரத்தில்? 16 நாள்களில் பரவிய 51 மணி நேரத்தில். அதுவும் அப்பூட்டுக்கென்றே செய்த கருவிகளைக் கொண்டு. அதே ஆண்டு சப் நிறுவனத்தின் புகழ்பெற்ற பூட்டு ஒன்றையும் அவர் ஏறத்தாழ 25 நிமிடங்களில் திறந்தார். பூட்டுக்குப் பூட்டு வேறுபாடு எவ்வளவு என்பது இதிலேயே விளங்கும்.

"இதையெல்லாம் விளக்கினால் திருடர்களை வளர்ப்பதாகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. 1851-இலும் இதே கேள்வி எழுந்தது. திருடர்கள் ஏற்கெனவே அறிந்ததைப் பூட்டு வாங்குவோரிடம் மறைப்பதால் யாருக்கு நன்மை என்பதே ஹாப்ஸ் தரப்பின் மறுமொழி. நம் வட்டாரத்தில் வீடு புகுகிறவன் கொண்டை ஊசியோடா வருகிறான்? கம்பி வெட்டியும் கடப்பாரையும் இருக்கும்போது அவனுக்கு ஊசி எதற்கு?

இவ்வளவும் நான் எழுதக் காரணம் ஒரு மாணவன். பள்ளியின் பெயர் வேண்டா. ஐந்தாம் ஆண்டு பயிலும் அச்சிறுவன், ஓய்வு நேரத்தில் வகுப்பறை அலமாரிப் பூட்டில் காகிதச் செருகியை நுழைத்துத் திருகினான். செருகி உள்ளேயே ஒடிந்தது. பூட்டு பாழானது, அதன் விலை பத்து ரிங்கிட்டுக்குள்தான். அலமாரியில் இருந்தவை ஓவியத் தாள்களும் பழைய பயிற்சி நூல்களும். கட்டொழுங்குப் பதிவேட்டில் எழுதப்பட்டதோ 'திருட்டு முயற்சி'. ஏன் செய்தாய் என்று அவனைக் கேட்டபோது, "ஏன் சார் திறக்கல?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அங்கிருந்த பெரியவர்கள் அதைத் திமிர் என்றார்கள். எனக்கோ, அந்த வாரம் முழுவதும் அப்பள்ளியில் எழுந்த கேள்விகளுள் அதுவே அறிவியலுக்கு மிக நெருக்கமானதாகப் பட்டது. நெம்புகோலையும் எளிய எந்திரங்களையும் பாடநூல் படத்தில் காட்டி மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அவற்றைக் கையால் தொட்டுப் பார்த்தவனுக்குப் பிரம்பைக் காட்டுகிறோம்.

அவன் செய்தது சரியென்று நான் கூறவில்லை. பிறர் பொருளைக் கெடுத்தான். அதற்குரிய தண்டனை உண்டு. பூட்டின் விலையை அவன் தந்தை மறுநாளே கட்டிவிட்டார். பாழான அப்பூட்டைக் குப்பையில் போடாமல் அறுத்துத் திறந்து, உள்ளிருக்கும் முளைகளை அவனுக்கும் வகுப்பிற்கும் காட்டியிருக்கலாம். அரை மணி நேர வேலை அது. செய்திருந்தால் தொலைக்காட்சியின் புளுகு அன்றைக்கே உடைந்திருக்கும்.

இரண்டாண்டுகளில் அச்சிறுவன் இடைநிலைப்பள்ளிக்குச் செல்வான். அவனைப் பற்றிய கோப்பும் உடன் செல்லுமானால், அங்கே அவன் முகத்தைப் பார்க்குமுன் யாரோ ஓர் ஆசிரியர் 'திருட்டு முயற்சி' என்பதைப் படிப்பார். அதை அடித்துவிட்டு 'பூட்டைச் சேதப்படுத்தினான். விலை செலுத்தப்பட்டது' என்று எழுதும்படி கேட்டிருக்கிறேன். இதுவரை மறுமொழி இல்லை.