தோற்றவர் பிடிவாதம், பாட்டாளிக்கு நட்டம்



தேர்தலில் தோற்பது இழிவன்று. தோல்வியை ஒப்பாமல் நாற்காலியைப் பற்றிக்கொள்வதே இழிவு. அதற்கு விலை கொடுப்பவன் ஏழை.

கொக்கோ விளைச்சலில் உலகிலேயே முதலிடம் பெற்ற ஐவரி கோஸ்ட் நாட்டைப் பாருங்கள். 2010 நவம்பர் 28இல் நடந்த இரண்டாம் சுற்று அதிபர் தேர்தலில் உவத்தாரா 54 விழுக்காடு பெற்று வென்றார் என்றது தேர்தல் ஆணையம். ஐ.நா. சபையும் அதை உறுதிசெய்தது. பதவியிலிருந்த பாக்போ இணங்கவில்லை. அவருடைய ஆதரவாளர் தலைமையிலிருந்த அரசியல் சட்ட மன்றம் வடபகுதி வாக்குகளைத் தள்ளிவிட்டு, அவரே வென்றார் என்றது. ஒரே நாளில் இருவர் பதவிப் பிரமாணம் எடுத்தனர்!

விளைவு என்ன? பாக்போ கைக்கு வரிப்பணம் போகாதிருக்க, கொக்கோ ஏற்றுமதியை நிறுத்தும்படி 2011 ஜனவரியில் உவத்தாரா அறிவித்தார். மூட்டைகள் துறைமுகத்தில் தேங்கின. உலகச் சந்தையில் விலை ஏறியது. பயிரிட்டவனுக்குக் கிடைத்ததோ குறைந்தது. ஏப்ரல் 11இல் பாக்போ பிடிபட்டார். அந்தக் கலகத்தில் மாண்டவர் சுமார் 3,000 பேர்.

ஐயமிருந்தால் மறு எண்ணிக்கை கேட்கலாம், நடுநிலையாளரிடம் முறையிடலாம். முடிவு வந்தபின் விலகியே தீரவேண்டும்.

நம் தோட்டக் கிளைத் தேர்தலுக்கும் இதுவே நெறி. தோற்றவர் வென்றவருக்குக் கை கொடுத்தால் சங்கம் வளரும். முறைத்துக்கொண்டு தனிக் கூட்டம் சேர்த்தால் முதலாளிக்கே கொண்டாட்டம்!