பாட்டிலை வேண்டாம் என்றோம், சொம்பில் என்ன கொடுத்தோம்?

போன கோடையில் கலவை பக்கம் ஒரு தோப்பில் உழவர் கூட்டம். பஞ்சகவ்யம், மீன் அமிலம், பாரம்பரிய விதை என்று காலையிலிருந்து பேசிக் களைத்த நேரத்தில் ஒரு பெட்டி வந்து இறங்கியது. பார்த்தால் பாட்டில் கலர்! பக்கத்திலேயே எலுமிச்சை மரத்தடியில் பழம் உதிர்ந்து கிடக்கிறது. "பறிக்கிற கூலிக்கே கட்டலைங்க, அதான் விட்டுட்டேன்" என்கிறார் தோப்புக்காரர். அந்தக் கலரை நானும்தான் வாங்கிக் குடித்தேன். அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சல்லிக்கட்டுப் போராட்டச் சூட்டில், 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. சூடு ஆறியதும் பாட்டில்கள் திரும்பி வந்துவிட்டன. கடைக்காரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. வேண்டாம் என்று சொன்ன நாம், அதற்குப் பதிலாக இதைக் குடிங்க என்று எதையும் கையில் கொடுக்கவில்லை.

கொடுப்பதற்கு நம்மிடம் இருக்கிறது. நகரத்தில் காக்டெய்ல் என்கிறார்களே, அதுவும் கலவைதான். நம்முடையதில் மது கிடையாது, அவ்வளவுதான். பத்துப் பேருக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், ஆறு எலுமிச்சை, 120 கிராம் நாட்டுச்சர்க்கரை, கட்டைவிரல் அளவு இஞ்சி, இரண்டு கைப்பிடி புதினா, பத்துத் துளசி இலை, ஒரு சிட்டிகை உப்பு. சர்க்கரையையும் தட்டிய இஞ்சியையும் முதலில் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். இலைகளை அரைக்காதீர்கள், கசந்துவிடும். உள்ளங்கையில் கசக்கிப் போட்டால் வாசம் இறங்கும். எலுமிச்சையைக் கடைசியில், விதை விழாமல், ஒட்டப் பிழியாமல் பிழியுங்கள். பித்தளை, அலுமினியப் பாத்திரம் ஆகாது, மண்பானை நல்லது. ஊறவைத்த திருநீற்றுப்பச்சிலை விதை இரண்டு கரண்டி சேர்த்தால் இன்னும் குளிர்ச்சி. கோலாவில் இருக்கும் சர்க்கரையில் ஏறக்குறைய பாதிதான் இதில். அதற்காக இதை மருந்து என்று சொல்லி விற்க வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு உப்புப் போட்டே கொடுங்கள்.

ஆனால் இந்தக் கலவையில் எலுமிச்சையை விட, புதினாவை விட, அதிகம் இருப்பது தண்ணீர். அன்றைக்கு ஆம்பூர் பக்கத்திலிருந்து வந்த நண்பர் கேட்டார்: "எலுமிச்சை நம்முது, புதினா நம்முது. தண்ணிக்கு மட்டும் கேன் வாங்கணுமாண்ணே?" பதில் சொல்ல முடியவில்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு கலந்த கிணற்று நீரைக் காய்ச்சினால் கிருமி சாகும். உப்பும் குரோமியமும் போகாது. புளிப்பும் வாசமும் உப்புச்சுவையை மறைக்கும், உப்பை எடுக்காது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் சொன்னது. பாலாற்று வழக்கில் 2025 சனவரியில் அதையே திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. இடையில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது.

அதனால் இரண்டு காரியம் கேட்கிறேன். நம் கூட்டத்திலும் வீட்டு விசேஷத்திலும் இனி பாட்டில் வேண்டாம். அந்தந்த ஊர் எலுமிச்சையை நியாயமான விலை கொடுத்து வாங்கி நாமே கலந்து கொடுப்போம். கூடவே, ஒவ்வொரு ஊர்க் குழுவும் தங்கள் கிணற்று நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவை எல்லோரும் பார்க்கும்படி எழுதி ஒட்டட்டும். தண்ணீர் கெட்டிருந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போவோம். நஞ்சில்லா உணவு என்று பேசுகிற நாம், நஞ்சில்லாத் தண்ணீர் என்றும் அங்கே சேர்ந்து கேட்க வேண்டும்.