ஹெர்ஷல் கண்ட ஒண்முகில்

வில்லியம் ஹெர்ஷல் என்றவுடன், 1781ஆம் ஆண்டில் அவர் யுரேனஸ் கோளைக் கண்டறிந்த செய்தியே பலர்க்கும் நினைவுக்கு வருகிறது. அச்செயல் பெரிதே. ஆயினும், அதனினும் மேலாகப் போற்றத்தக்கது 1790ஆம் ஆண்டு நவம்பர் 13ஆம் நாள் இரவு நிகழ்ந்ததாகும். யுரேனஸைப் பிளாம்ஸ்டீடு என்பார் 1690ஆம் ஆண்டிலேயே கண்டு, விண்மீனென்று குறித்து வைத்திருந்தார் அன்றோ!

வானில் ஆங்காங்கே புகைத்திரள் போல் மங்கலாக ஒளிரும் பொருள்களை ஒண்முகில்கள் என்பர். அவை யாவும் விண்மீன் கூட்டங்களே என்றும், ஆற்றல் மிக்க தொலைநோக்கி வாய்ப்பின் தனித்தனி மீன்களாகப் பிரிந்து தோன்றும் என்றும் ஹெர்ஷல் கருதியிருந்தார். அன்றிரவு இடப ராசியில் ஒரு விண்மீனையும், அதனைச் சூழ்ந்த வட்டமான மெல்லொளியையும் கண்டார். சுற்றொளியும் மீன்களால் ஆயதெனின், நடுமீன் அவற்றினும் அளவிறந்து பெரியதாதல் வேண்டும். நடுமீன் இயல்பான அளவினதெனின், சூழ்ந்திருப்பவை மீனென்று சொல்லவும் தகாத துகள்களாதல் வேண்டும். இரண்டும் பொருந்தாமையின், அது மீன்கூட்டமன்று, இயல்பு அறியப்படாத ஒளிப்பாய்மமே என்று துணிந்தார். 1791ஆம் ஆண்டில் அதனைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். புதுக்கோளைக் காணக் கூர்த்த பார்வையும் பொறுமையும் போதும்; தாம் எழுதி நிலைநாட்டிய கொள்கையைத் தாமே மறுப்பதற்கு நெஞ்சுரமும் வேண்டும்.

பின்னாளில், அயர்லாந்தில் ராஸ் பிரபு அமைத்த பெருந்தொலைநோக்கி சில முகில்களை மீன்களாகப் பிரித்துக் காட்டவே, அறிஞர் பலர் பழைய கொள்கைக்கே திரும்பினர். 1864ஆம் ஆண்டில் வில்லியம் ஹக்கின்ஸ் இத்தகைய மற்றொரு முகிலின் ஒளியை நிறமாலைகாட்டியால் பகுத்து நோக்கினார். விண்மீனுக்குரிய தொடர்ந்த வண்ணப்பட்டை அங்கில்லை, ஒளிக்கோடுகளே இருந்தன. ஒளிரும் வளியின் அடையாளம் அது. ஹெர்ஷல் மறைந்து அப்போது 42 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அவர் கூறிய யாவும் சரியென்பதற்கில்லை. ஒளிப்பாய்மம் திரண்டு விண்மீனாகும் என்று அவர் எண்ணினார். அவர் கண்ட முகிலோ, முதுமையுற்ற விண்மீன் ஒன்று தன் மேலடுக்குகளை உதிர்த்தமையால் உண்டாயது. என்.ஜி.சி. 1514 என்னும் குறியீட்டால் இன்று வழங்கும் அம்முகிலுக்கு, அவர் கண்ட நடுமீன் ஒளியூட்டுவதுமில்லை. அதனோடு இணைந்து, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் துணைமீன் ஒன்று உண்டு. வெப்பம் மிக்க அச்சிறுமீனின் புற ஊதாக் கதிர்களே, சுமார் 1500 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள அம்முகிலை ஒளிரச் செய்கின்றன.