உறங்க மறுக்கும் விருந்தினன்

ஒரு கணினியைப் பல கணினிகள்போற் பகுத்தளிக்கும் மென்பொருளை ஹைப்பர்வைசர் என்பர். அவ்வீட்டில் விருந்தினனாயிருக்கும் லினக்ஸ் கெர்னல், வேலையற்ற செயலியை உறங்கவிடுந்தோறும் ஆட்சியை வீட்டுடையானிடம் ஒப்புவித்துத் திரும்பப் பெறல்வேண்டும். அதனாற் காலம் தாழ்க்கும். இதற்குப் பரிகாரமாக 2019-இல் வெளிவந்த 5.4-ஆம் பதிப்பில் ஹால்ட்போல் என்னும் ஏற்பாடு சேர்ந்தது. உறங்குமுன், இயல்பாக 200 மைக்ரோ செகண்டுவரை, விழித்தே வேலையை எதிர்நோக்குவது இதன் முறை. விரைவு மெய்யே. ஆயினும் வீட்டுடையானுக்கு அவ்விழிப்பு உழைப்பாகவே தோன்றும். அயல் விருந்தினர் செயலிக்குக் காத்திருப்பினும் இவன் விடான். கேவிஎம் என்னும் ஹைப்பர்வைசரே விழித்திருக்குமாயின், பிறர்க்கு வேலை வந்தவுடன் இடம் விடும். ஆதலின் அதுவே தக்கதென்பேன். எவர் விழிப்பினும் மின்சாரம் செலவாதலின், அவ்வளவையும் குறுக்கல் வேண்டும். ஸ்ரீமுஷ்ணத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டா. நம் மாவட்டத்து நெய்வேலியில் மண்ணை அகழ்ந்து, பழுப்பு நிலக்கரியை எடுத்தெரித்தன்றோ மின்சாரம் ஆக்குகின்றனர்!