லாவெண்டர் செடி வாடுகிறதா? உடனே தண்ணீர் ஊற்றாதீர்கள்!

நர்சரியிலிருந்து வாங்கி வந்த முதல் வாரம் லாவெண்டர் ஜோராக இருக்கும். இலையைத் தொட்டாலே விரலில் வாசனை ஒட்டிக்கொள்ளும். மூன்றாவது வாரம் நுனி லேசாகத் தொங்கும். 'பாவம், சென்னை வெயில் தாங்கலை' என்று காலையில் ஒரு மக், மாலையில் ஒரு மக் தண்ணீர் போகும். அடுத்த சில நாளில் அடி இலைகள் கறுத்து, தண்டு பழுப்பாகி, நின்ற நிலையிலேயே செடி காய்ந்துவிடும்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் மாடித்தோட்டம் போடுகிறவர்களில் பலருக்கு இது பழகிய கதை. இரண்டு மூன்று முறை வாங்கிப் பார்த்துவிட்டு, 'நம்ம கைக்கு இது வராது' என்று விட்டவர்களும் உண்டு. கைராசியில் குறை எதுவும் இல்லை. வெண்டைக்கும் கத்திரிக்கும் பழகிய கை, லாவெண்டருக்கும் அதே பக்குவத்தைச் செய்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாட்டம் ஒன்று, காரணம் இரண்டு

தாகம் எடுத்தாலும் செடி வாடும், வேர் அழுகினாலும் வாடும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் மண் ஈரமாக இருக்கும்போதே இலை தாகத்தில் தொங்கும். அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீர், மிச்சமிருக்கும் நல்ல வேரையும் அழுக வைக்கும். ஈரம் தேங்கிய மண்ணில் ஃபைட்டோப்தோரா போன்ற வேரழுகல் கிருமிகளும் சேர்ந்துகொண்டால், செடியைக் காப்பாற்றுவது கடினம்.

எனவே வாடிய லாவெண்டரைப் பார்த்தால் முதலில் விரலை மண்ணில் இரண்டு கணு ஆழத்துக்கு விட்டுப் பாருங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர் கொடுங்கள். ஈரமாக இருந்தால் தண்ணீரை நிறுத்திவிட்டு, தொட்டியை நிழலும் காற்றும் உள்ள இடத்துக்கு மாற்றுங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டாலே பாதி செடிகள் பிழைத்துவிடும்.

புரோவான்ஸ் வெயிலும் பூந்தமல்லி வெயிலும்

லாவெண்டரின் பூர்வீகம் மத்திய தரைக்கடல் ஓரத்து வறண்ட மலைச்சரிவுகள். ஊதா வயல்களுக்குப் பெயர் பெற்ற பிரான்ஸின் புரோவான்ஸ் பகுதியிலும் கோடையில் வெயில் நன்றாகவே அடிக்கும். ஆனால், அது ஈரப்பதம் இல்லாத வெயில். இரவில் குளிர்ந்துவிடும். மழை பெரும்பாலும் கோடைக்கு வெளியேதான்.

சென்னையில் மே மாதம் இரவிலும் புழுக்கம் விடாது. ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கும் மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் கொட்டிவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நாள்கணக்கில் நனைந்தது போன்ற மழையில், திறந்த மாடியில் இருக்கும் லாவெண்டர் தப்புவது அரிது. வெயிலை இந்தச் செடி ஓரளவு சமாளிக்கும். புழுக்கமும் தேங்கும் நீரும் சேர்ந்தால்தான் அதற்கு ஆகாது.

எந்த ரகம் வாங்கலாம்?

எண்ணெய்க்காக வளர்க்கப்படும் இங்கிலீஷ் லாவெண்டருக்கு நன்றாகப் பூக்கக் குளிர்காலம் தேவை. நம் ஊரில் இலை தழைத்தாலும் பூ வருவது சந்தேகம். இலை ஓரம் ரம்பப் பல் போல இருக்கும் பிரெஞ்சு லாவெண்டர், வெப்பத்தையும் புழுக்கத்தையும் அதைவிடக் கூடுதலாகத் தாங்கும். இலை கொத்தமல்லித் தழைபோலப் பிரிந்து பிரிந்து இருக்கும் ஃபெர்ன் லீஃப் ரகம் இன்னும் சுலபம். ஆனால், அதன் வாசனை வேறு மாதிரி இருக்கும். சோப்பிலும் சென்ட்டிலும் வரும் லாவெண்டர் மணத்தை அதில் எதிர்பார்க்க முடியாது.

வாங்கும்போது இலையைக் கசக்கி முகர்ந்து பாருங்கள். நீலப் பூ சால்வியாவும் தூரத்திலிருந்து பார்த்தால் லாவெண்டர் போலவே தெரியும். வாசனைதான் அடையாளம். பூத்துக் குலுங்கும் செடியைவிட, பூ குறைவாக, அடியிலிருந்தே புதர்போலக் கிளைத்திருக்கும் செடி நல்லது. ஊட்டி, கொடைக்கானல் போனவர்கள் அங்கிருந்து தூக்கி வரும் செடி, குளிர்ந்த இடத்திலிருந்து நேரே மொட்டைமாடி வெயிலுக்கு வந்தால் அதிர்ச்சியாகிவிடும். முதல் பத்து நாள் காலை வெயில் மட்டும் படும் இடத்தில் வைத்துப் பழக்குங்கள்.

கோகோபீட்டைக் குறையுங்கள்

மாடித்தோட்டம் என்றாலே கோகோபீட்டும் மண்புழு உரமும்தான் முதலில் நினைவுக்கு வரும். தக்காளி, கீரைக்கு அது சரி. ஈரத்தைப் பிடித்து வைப்பதுதான் கோகோபீட்டின் வேலை. லாவெண்டருக்கோ ஈரம் நிற்காத மண் வேண்டும்.

இரண்டு பங்கு செம்மண், இரண்டு பங்கு பருமணல், ஒரு பங்கு நன்றாக மக்கிய உரம் என்று கலந்தால் போதும். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் எம்-சாண்டைப் பயன்படுத்தலாம். ஆனால், அதை இரண்டு மூன்று முறை கழுவிப் பொடியை நீக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் பொடி அடியில் இறங்கி சிமென்ட்போல அடைத்துக்கொள்ளும். ஏரியும் வயலுமாக இருந்த இந்தப் பகுதிகளில் பல இடங்களில் மண் களிப்பாக இருக்கும். அதை அப்படியே தொட்டியில் போட வேண்டாம்.

பிளாஸ்டிக் தொட்டியைவிட மண்தொட்டி நல்லது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும். சிறு செடிக்கு எட்டு அங்குலத் தொட்டி போதும். பெரிய தொட்டியில் வைத்தால் வேர் பரவாத மண்ணில் ஈரம் தங்கிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம். இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீரும் வடியும், மாடித் தரையின் சூடும் வேருக்கு நேரடியாக ஏறாது. உரமும் அதிகம் கேட்காத செடி இது. அடிக்கடி உரம் போட்டால் தண்டு நீண்டு தொங்கும், வாசனை குறையும்.

எந்தத் தண்ணீர், எப்போது?

ஊற்றும்போது அடித்துளை வழியாக வடியும்வரை நன்றாக ஊற்ற வேண்டும். அடுத்த முறை மேல்மண் முழுதும் காய்ந்த பிறகுதான். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மூன்று நான்கு நாளைக்கு ஒரு முறை போதும். மே மாதத்தில் சிறு மண்தொட்டி ஒரே நாளில் காய்ந்துவிடலாம் என்பதால் தினமும் தொட்டுப் பாருங்கள். காலை வேளையில், இலையில் படாமல் மண்ணில் மட்டும் ஊற்றுங்கள்.

ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியேறும் கழிவு நீரைச் செடிக்கு ஊற்றும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. போர் தண்ணீரில் உள்ள உப்பு அதில் இன்னும் அடர்த்தியாக இருக்கும். தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது அந்த உப்புதான். லாவெண்டருக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள். சேமித்த மழைநீர் இருந்தால் மிகவும் நல்லது. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிடையாது என்பதால் பயன்படுத்தலாம்.

விதை வேண்டாம், குச்சி போதும்

ஊதாப் பூ படம் போட்ட பாக்கெட்டில் லாவெண்டர் விதை ஆன்லைனில் தாராளமாகக் கிடைக்கிறது. இந்த விதை குளிர்ச்சி பட்ட பிறகே ஓரளவு சீராக முளைக்கும். அப்போதும் சில வாரங்கள் ஆகும். முளைத்தாலும் எல்லாச் செடியும் தாய்ச்செடியைப் போல இருக்காது.

இந்தியாவில் லாவெண்டரை வெற்றிகரமாகச் சாகுபடி செய்யும் இடம் ஜம்மு காஷ்மீரின் தோடா மாவட்டத்தில் உள்ள பதர்வா. மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். அமைப்பு 'அரோமா மிஷன்' திட்டத்தில் நாற்றுகளும் பயிற்சியும் கொடுக்க, மக்காச்சோளம் பயிரிட்டு வந்த விவசாயிகள் பலர் லாவெண்டருக்கு மாறினார்கள். 'ஊதாப் புரட்சி' என்று பெயர் பெற்ற இந்த மாற்றத்தைத் தொடர்ந்து, 2022 மே மாதம் அங்கே லாவெண்டர் திருவிழாவே நடந்தது. குளிர்காலத்தில் பனி பெய்யும் மலை ஊர் அது. அந்த விளைச்சலை ஆவடியில் எதிர்பார்க்க முடியாது. ஆனால், தேர்ந்தெடுத்த தாய்ச்செடியிலிருந்து குச்சி வெட்டி வேர் பிடிக்க வைத்து நடும் முறை, மாடியில் ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவருக்கும் பொருந்தும்.

சென்னையில் அதற்கு ஏற்ற காலம், மழை ஓய்ந்த பிறகு மார்கழி பாதியிலிருந்து மாசி வரை. செய்முறை இதுதான்:

1. பூ இல்லாத, இளம் பச்சைத் தண்டை மூன்று நான்கு அங்குல நீளத்துக்கு, கணுவுக்குச் சற்றுக் கீழே கூர்மையான கத்தியால் வெட்டுங்கள். மரம்போல முற்றிய தண்டு வேண்டாம்.

2. கீழ்ப்பாதி இலைகளைப் பட்டை உரியாமல் கிள்ளிவிடுங்கள். வேரூக்கிப் பொடி இருந்தால் அடிநுனியில் தொட்டுக்கொள்ளலாம்.

3. கழுவிய மணலும் கொஞ்சம் கோகோபீட்டும் கலந்து நிரப்பிய, அடியில் துளையிட்ட சிறு கப்பில் குச்சியை ஊன்றுங்கள். குச்சி அளவுக்குக் கொஞ்சம் கோகோபீட் பரவாயில்லை.

4. நேர் வெயில் படாத, வெளிச்சமான ஜன்னல் ஓரத்தில் வையுங்கள். குளிர் நாடுகளில் பிளாஸ்டிக் கவர் போட்டு மூடுவார்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். மண் காயாமல் தெளித்தால் போதும்.

5. மூன்று முதல் ஆறு வாரத்தில் வேர் விடும். லேசாக இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிந்தால் தனித் தொட்டிக்கு மாற்றலாம்.

ஐந்து குச்சி வைத்தால் இரண்டு பிழைத்தாலும் லாபம்தான். குச்சி முறை கைகூடாவிட்டால் பதியம் போடலாம். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, பக்கத்துத் தொட்டி மண்ணில் பதித்து, மேலே ஒரு கல் வைத்துவிடுங்கள். வேர் விட்ட பிறகு தாயிடமிருந்து வெட்டிப் பிரிக்கலாம்.

மாதம் பார்த்து இடம் மாற்றுங்கள்

டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை குறைந்தது ஆறு மணி நேரம் வெயில் படும் இடம் சரி. ஏப்ரல் முதல் ஜூன் வரை கிழக்குப் பார்த்த பால்கனி அல்லது நிழல்வலைக்கு அடியில், காலை வெயில் மட்டும். அக்டோபரில் மழை தொடங்கியதும் கூரைக்குக் கீழே, ஆனால் காற்றோட்டமாக. செடிகளை நெருக்கி வைக்க வேண்டாம். பூ முடிந்ததும் பச்சை இலை இருக்கும் பகுதியோடு நிறுத்திக் கத்தரித்துவிடுங்கள். இலை இல்லாத பழைய கட்டை வரை வெட்டினால் மறுபடி துளிர்ப்பது சிரமம்.

கொசுவை விரட்டும் என்று நம்பி வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். இலையைக் கசக்கும்போதுதான் வாசனை எண்ணெய் வெளிவரும். செடி சும்மா நின்றால் அம்பத்தூர் கொசு அதைக் கண்டுகொள்ளாது. கொசுவலையைக் கழற்றிவிட வேண்டாம்.

மாடியில் வாசனை இருந்தால் போதும், இவ்வளவு பாடு வேண்டாம் என்பவர்களுக்கு மருவு, திருநீற்றுப்பச்சிலை, வெட்டிவேர் மூன்றும் நம் வெயிலுக்குப் பழகியவை. லாவெண்டர்தான் வேண்டும் என்பவர்கள், அதை ஆண்டுக்கணக்கில் ஒரே தொட்டியில் நிற்கும் செடியாக நினைக்காமல், தை மாதம்தோறும் குச்சி வெட்டிப் புதுப்பிக்கும் செடியாக வைத்துக்கொள்ளலாம். வாங்கிய செடி அடுத்த ஐப்பசி மழையில் போய்விட்டாலும், ஜன்னல் ஓரத்துக் கப்பில் வேர்விட்ட அதன் பிள்ளை ஒன்று இருக்கும். மறுபடியும் நர்சரிக்குப் போய்ப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.